மச்சான் ஊற்றிய எண்ணெய்

எங்கள் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. பாதி பெட்ரோலில் ஓடும், பாதி பேட்டரியில் ஓடும். ஹைபிரிட் என்பார்கள். பெங்களூரில் யாரோ ஆண்டு அனுபவித்த வண்டி. மல்லசமுத்திரத்துக்கு நான் ஓட்டிக்கொண்டு வந்தபோதே அதற்கு நடுவயது கடந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எத்தன மைலேஜுங்க குடுக்குது?" நானும் வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பினேன். உண்மையில் மைலேஜுக்காக நான் அதை வாங்கவில்லை. ஏசிக்காக வாங்கினேன்.

ஏசி இல்லாத கார் எது என்று கேட்பீர்கள். மற்ற கார்களில் ஏசியின் கம்ப்ரசர் இன்ஜினோடு பெல்ட்டில் கட்டுண்டு கிடக்கும். இன்ஜினை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். என் வண்டியில் கம்ப்ரசரின் வயிற்றுக்குள்ளேயே ஒரு மோட்டார் இருக்கிறது. பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு அது தன்பாட்டுக்குச் சுற்றும். கல்லூரி வாசலிலும் ரயில்வே கேட்டிலும் புகையில்லாமல் சத்தமில்லாமல் நின்றபடியே உள்ளே குளிர்ந்துகொண்டிருக்கும். பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானாக எழுந்து கொஞ்ச நேரம் ஓடி ஏற்றிக்கொள்ளும். நான் ஒரு நூல் புரோக்கர். தறிக்காரர்களுக்கும் மில்லுக்கும் நடுவில் அலைகிறவன். என் வருமானத்துக்கு அந்த வண்டி அதிகம்தான். இருந்தாலும் வாங்கினேன். என் மகளுக்கு வேர்க்காது.

சொல்வது எளிதாக இருக்கிறது. 'வேர்க்காட்டி நல்லதுதானுங்க, பவுடர் செலவு மிச்சம்' என்று கல்யாண வீடுகளில் கிண்டல் செய்தவர்கள் உண்டு. வேர்வைச் சுரப்பி அநேகமாக இல்லாமலே பிறந்தவள் அவள். கைக்குழந்தையாக இருந்தபோது ஒவ்வொரு கோடையிலும் காரணம் தெரியாத காய்ச்சல். மந்திரித்தோம், ரத்தம் எடுத்தோம், அழுதோம். கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டரம்மா அவள் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இந்த உடம்புக்குச் சூட்டை வெளியே தள்ளத் தெரியாது. நீங்கதான் தள்ளணும்." அன்றிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறோம். ஈரத்துணி, தண்ணீர் பீச்சும் பாட்டில், ஈரப் பனியன், நிழல் பார்த்து நடை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் முகம் செங்கல் நிறத்துக்கு வரும். அதற்கு மேல் நின்றால் வாந்தி. அதற்கும் மேல் போனால் என்ன ஆகும் என்று ஒரு முறை பார்த்திருக்கிறோம். பள்ளிக்கூட ஆண்டு விழா ஒத்திகையில் வலிப்பு வந்து விழுந்தாள். இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அவள் இப்போது சேலத்தில் துணி வடிவமைப்பு படிக்கிறாள். மல்லசமுத்திரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாகத் தினமும் போய் வர வேண்டும். அந்தக் கார் இருந்தால் அவளுக்குக் கல்லூரி உண்டு. இல்லாவிட்டால் ஏசி போட்ட ஓர் அறையும் ஜன்னலும்தான். எங்கள் வீட்டில் ஏசி ரிப்பேர் என்ற பேச்சு வந்தால் அதற்கு அர்த்தம் இதுதான். இது புரியாமல் எனக்கு புத்தி சொன்னவர்களை எல்லாம் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் மனைவியின் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். வடக்கே எந்த மாநிலத்தில் தண்ணீர் இல்லை என்றாலும் அங்கே அவர் வண்டி நிற்கும். ஆள் ஆறடி, குரல் அதைவிட உயரம். எப்போது பார்த்தாலும் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். தோளில் கிடக்கும் துண்டைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும். மார்கழியிலும் அப்படித்தான். என் மகளுக்கு வேர்க்காது என்று டாக்டரம்மா சொன்ன அன்று நாங்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது அவர் மட்டும் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அதுக்கென்னுங்க மாப்ள, எனக்குத்தான் ரெண்டாளு வேர்வ ஊத்துதே. பாதிய என்ர சாமிக்குக் குடுத்தர்றேன்."

எனக்கு அன்று சுள்ளென்று வந்தது. பேச்சுக்கு ஓர் அளவு இல்லையா என்று நினைத்தேன். அவருக்கு எதையும் சிரிப்பாக்கித்தான் தாங்கத் தெரியும் என்பது பின்னால்தான் எனக்குப் பழகியது.

போன மாசி மாதம் வண்டியில் குளிர்ச்சி குறைய ஆரம்பித்தது. சேலத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மேலே டை கட்டிக்கொண்டு கீழே செருப்புப் போட்டிருந்த ஒரு தம்பி கணினியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினான். "சார், இதுல பாத்தீங்கன்னா கேஸ் லீக் சார். எங்கன்னு பாக்கணும்னா டேஷ்போர்ட கழட்டணும் சார். கழட்டுனா இதுல பாத்தீங்கன்னா கம்ப்ரசரும் சேத்து மாத்திட்டா உங்களுக்கு சேஃப் சார்." விலையைச் சொன்னான். அந்தப் பணத்துக்கு இரண்டு கறவை மாடு வாங்கி, அதன் பாலை ஊற்றிவர ஒரு ஸ்கூட்டரும் வாங்கலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை வாழ்நாளில் முதல் முறையாக ஏசி அறையில் உட்கார்ந்து உணர்ந்தேன். தண்ணீர் வேண்டுமா சார் என்று வேறு கேட்டான்.

வெளியே பார்ப்போம் என்று கிளம்பினேன். செவ்வாய்ப்பேட்டைக்குப் போகும் வழியில் ஒன்று, கொண்டலாம்பட்டி பக்கம் ஒன்று, புறவழிச்சாலை ஓரமாகத் தகரக் கொட்டகையில் ஒன்று என்று கார் ஏசிக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். எல்லோரும் உற்சாகமாக பானட்டைத் திறப்பார்கள். உள்ளே தடிமனாக ஆரஞ்சு நிற வயர்களைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். ஆளைக் கொல்லும் மின்சாரம் அதில் ஓடுகிறது என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் நேராகச் சொன்னார். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுங்க சார். வேற எடம் பாத்துக்குங்க." எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பானட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

யோசனை சொன்னவர்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு எடு என்றார் ஒரு தறிக்காரர். கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டு என்றார் இன்னொருவர். 'நாமெல்லாம் ஏசிலயா பொறந்து வளந்தோம், பழக்கிவுட்டா எல்லாம் பழகிக்கும்' என்று பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். அவர் வீட்டில் அடுத்து நடந்த விசேஷத்துக்கு நான் போகவில்லை. மொய்யை மட்டும் கொடுத்தனுப்பினேன்.

விஷயம் மச்சான் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

"ஏனுங் மாப்ள, மாமன்னு ஒருத்தன் உசுரோட இருக்கயில நீங்க ஏன் கடகடையா ஏறி எறங்கறீங்க?"

"இது வேற மாதிரி வண்டிங்க மச்சான். கம்பெனிக்காரங்களே…"

"கம்ப்ரசருதானுங்களே கெட்டுது? கம்ப்ரசரப் பத்தித் திருச்செங்கோட்டுக்காரனுக்குக் கம்பெனிக்காரன் சொல்றதா? என்ன மாப்ள நீங்க!"

இதில்தான் நான் மாட்டினேன். திருச்செங்கோட்டில் கம்ப்ரசர் என்பது கடவுளுக்கு அடுத்தபடி. ரிக் வண்டியில் பூமியைத் துளைப்பதே அதன் காற்றுதான். அதை வைத்துத்தான் வீடு கட்டினார்கள், பெண் கட்டிக்கொடுத்தார்கள். அந்த ஊரில் ஒருவரிடம் போய் உனக்குக் கம்ப்ரசர் தெரியாது என்று சொல்வதும் உனக்கு உன் பெயர் தெரியாது என்று சொல்வதும் ஒன்று. போதாததற்கு அவர் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் என் மகளுக்குக் காது குத்தினோம். அவள் பெரியவளானபோது தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து தெருவை அடைத்தவர். தாய்மாமன் செய்ய வந்ததை வேண்டாம் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் சண்டை. மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். என் மனைவி கதவு இடுக்கிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாவியைக் கொடுத்தேன்.

அவருடைய ரிக் பட்டறைக்கு நானும் போனேன். கசிவு எங்கே என்று அவருடைய ஆட்கள் சோப்பு நுரை தடவியே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு குழாய் இணைப்பில் வாஷர் போயிருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, அவ்வளவுதான் கோளாறு. அதை மாற்றினார்கள். அதோடு விட்டிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. கேஸ் நிரப்பும் முன்னால் மச்சான் எண்ணெய் டின்னோடு வந்தார். கார் ஏசிக்கென்று கடையில் விற்பதிலேயே விலை கூடிய எண்ணெய். அதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

"இதுக்குன்னு தனி எண்ணெய் ஏதோ இருக்குதுன்னு சர்வீஸ்ல எழுதி ஒட்டியிருந்தாங்க மச்சான்," என்றேன்.

"எல்லாம் விக்கறதுக்குச் சொல்றதுங்க. எண்ணெய்க்குப் பயந்தவன் கம்ப்ரசர் வெக்கப்படாது. குடிக்கற அளவுக்கு ஊத்துனாத்தான் அது மூச்சு வாங்காம ஓடும்." 

ரிக் கம்ப்ரசருக்கு அது வேதவாக்கு. தாராளமாக ஊற்றினார். ஊற்றிவிட்டு, கம்ப்ரசருக்குக் குங்குமம் வைத்து, முன்சக்கரத்தில் எலுமிச்சை நசுக்கி, வண்டியை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, சாவியை வெற்றிலைபாக்குத் தட்டில் வைத்து என் மகளிடம் கொடுத்தார். "மாமன் சீரு, சாமி." ஒரு பைசா வாங்கவில்லை. அவள் மாமன் காலில் விழுந்து கும்பிட்டாள். வண்டிக்குள்ளே கொல்லிமலைக் காற்று வீசியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறேன், அந்த வண்டி அதற்கு முன் அவ்வளவு குளிர்ந்ததில்லை.

பங்குனி பாதியில் ஒரு காலை, கல்லூரிக்குப் போகும் வழியில், ஆட்டையாம்பட்டி தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு முக்கோணம் எரிந்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு கிறிஸ்துமஸ் மாதிரி எல்லாமே எரிந்தன. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. அன்று அவளுக்கு ஏதோ வரைபடம் ஒப்படைக்க வேண்டிய நாள். முறுக்குக் கடை நிழலில் அவளை நிற்க வைத்து, கடைக்கார அம்மாவிடம் ஒரு குடம் தண்ணீர் வாங்கித் தலையில் ஊற்றி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். அவள் அழவில்லை. சுருட்டிய வரைபடம் நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் சர்வீஸ் சென்டரில் விட்டேன். அதே டை தம்பி. இந்த முறை அவன் கணினியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"சார், இதுல பாத்தீங்கன்னா கம்ப்ரசருக்குள்ள மோட்டாரே எண்ணெய்லதான் சார் முங்கியிருக்கு. அதனால கரண்ட் கடத்தாத எண்ணெய்தான் ஊத்தணும். சாதா எண்ணெய் கரண்ட்ட விட்டுடும் சார். உள்ள காயில் இன்சுலேஷன் போயிருச்சு. வெளிய எங்க சார் குடுத்தீங்க?"

"தெரிஞ்ச எடத்துல," என்றேன். வேறு என்ன சொல்ல?

எண்ணெய் எல்லாக் குழாய்க்குள்ளும் போயிருக்கிறது. கழுவினால் போகாது. கம்ப்ரசர், குழாய்கள், முன்னால் இருக்கும் கண்டென்சர், உள்ளே இருக்கும் கூலிங் காயில் என்று அத்தனையும் மாற்ற வேண்டும். முன்பு சொன்ன விலை இப்போது நல்ல விலையாகத் தெரிந்தது. இந்த மாடல் நிறுத்தியாகிவிட்டதால் உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. முன்பணம் மட்டும் இப்போதே கட்ட வேண்டும். எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. வாஷர் மாற்ற வேண்டிய வேலைக்குக் கம்ப்ரசர் மாற்றச் சொன்ன இவர்கள் மேலா, இலவசமாகச் செய்து கொடுத்த அவர் மேலா? கடைசியில் கம்ப்ரசருக்குப் போகும் மின் இணைப்பை மட்டும் துண்டித்து, வண்டி ஓடுகிற அளவுக்கு வைத்துத் தந்தார்கள். ஏசிக்காக வாங்கிய வண்டி ஏசி இல்லாமல் வீட்டுக்கு வந்தது. மைலேஜ் நன்றாகக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து குதித்தேன். "உங்கொண்ணனுக்கு இப்பவே போன் போடறேன்," என்றேன்.

"போடுங்க," என்றாள் மனைவி. "போட்டு என்ன சொல்லுவீங்க? நீங்க செஞ்ச சீரு நாசமாப் போச்சுன்னா? அவுங்க ஊட்ல கல்யாணத்த வெச்சுட்டு?"

மச்சானின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். நான் அதற்கும் பதில் வைத்திருந்தேன். ஆனால் என் மகள் உள்ளேயிருந்து வந்தாள்.

"அப்பா, மாமாட்டச் சொல்லாதீங்க. சொன்னா அவரு இன்னொரு கம்ப்ரசரு வாங்கிட்டு வந்து நிப்பாரு. கல்யாணச் செலவுல இருக்கறாரு. இல்லாட்டி மனசு ஒடஞ்சு போயிரும். நான் எப்படியோ போயிக்கறேன்."

எப்படியோ என்றால் எப்படி? விடியும் முன் முதல் பஸ். வெயில் ஏறுவதற்குள் கல்லூரி நூலகத்தின் ஏசிக்குள் புகுந்துகொள்வது. பொழுது சாய்ந்து தார் ரோடு ஆறிய பிறகு கிளம்பி வருவது. வகுப்பு மதியம் வெப்பமான அறையில் இருந்தால் போகாமல் விடுவது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வருகைப்பதிவு குறைகிறது என்று துறைத்தலைவர் கூப்பிட்டுக் கேட்டாராம். 'வேர்க்காது மேடம்' என்று சொன்னதற்கு, 'எல்லாருக்குந்தாம்மா வெயில்' என்றாராம். இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இதற்கு நடுவே மச்சான் வாராவாரம் போன் செய்வார். பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

"ஏசி எப்படி ஓடுது மாப்ள?"

மனைவி எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஐஸுங்க மச்சான்."

"பாத்தீங்களா! நான் அன்னிக்கே சொன்னன்ல?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு போனை வைத்த பிறகும் கூடத்தில் கேட்கும். நான் எழுந்து போய் வண்டியின் டயரை ஓர் உதை உதைத்துவிட்டு வருவேன்.

சித்திரையில் வந்தது வினை. கல்யாணப் பட்டு எடுக்க இளம்பிள்ளை ஊருக்குப் போக வேண்டும் என்றார் மச்சான். மணப்பெண் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள், லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் பார்த்துச் சொல்வாள். அதற்குச் சேலையைத் தோளில் போட்டுக் காட்ட அவள் நிறத்தில் ஓர் ஆள் வேண்டும். துணி தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும். என் மகளைத் தவிர யார்? மச்சானின் கார் பத்திரிகை வைக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. "நம்ம ஏசி வண்டியிலயே போயிரலாம் மாப்ள," என்றார். நம்ம ஏசி வண்டி!

அவளை அனுப்ப மாட்டேன் என்று வீட்டில் சத்தம் போட்டேன். அவள்தான் பிடிவாதமாக நின்றாள். விடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம், கடைக்குள் ஏசி இருக்கும், பாட்டிலில் தண்ணீர் இருக்கும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வழி சொன்னாள். போகும்போது அவள் சொன்னபடியேதான் நடந்தது. காலைக் குளிர் இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டேன். "காலங்காத்தால நல்ல காத்துங்க மச்சான், ஏசி எதுக்கு," என்றேன். அவரும் முன் சீட்டில் தாராளமாகக் கையை வெளியே போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் மகளும் என் மனைவியும்.

திரும்பும் கணக்குதான் தப்பிவிட்டது. சேலை எடுக்கப் போன எந்தக் குடும்பம் சொன்ன நேரத்துக்கு வெளியே வந்திருக்கிறது? மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் போட்டார்கள். என் மகள் ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுத் திரும்பி நின்றாள். போனுக்குள்ளிருந்து மணப்பெண் 'பார்டர் இன்னும் கொஞ்சம் மெலிசா' என்றாள். மச்சான் கடைக்காரரிடம் பேரம் பேசியது தனிக் கச்சேரி. பிறகு கடைக்காரர் சாப்பிடாமல் விட மாட்டேன் என்றார். வெளியே வந்தபோது உச்சி வெயில். காருக்குள் கை வைக்க முடியவில்லை.

"போடுங்க மாப்ள ஏசிய," என்று மச்சான் அமர்ந்தார். அமர்ந்ததும் கண்ணாடிகளை அவரே பொத்தானை அழுத்தி ஏற்றினார். நான் ரியர்வியூ கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன். மகள் தலையை லேசாக ஆட்டினாள். சொல்லாதீங்க என்று. ஃபேனைப் போட்டேன். அடுப்பு ஊதுவது போல் காற்று வந்தது.

"கொஞ்ச நேரம் ஓடுனாத்தான் குளுரும் போலங்க," என்றேன்.

பின்னால் 'புஸ், புஸ்' என்று பாட்டில் பீச்சும் சத்தம். கொஞ்சத் தூரத்தில் அந்தச் சத்தமும் நின்றது. காலையில் நிரப்பிய தண்ணீரில் பாதியைக் கடையிலேயே, மாடியில் மின்விசிறி மட்டும் இருந்த சேலை அறையில், அவள் செலவழித்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் லாரி, பின்னால் டிராக்டர், பக்கத்தில் ஒரு மரம் கிடையாது. எந்த கேட்டில் இந்த வண்டி குளுகுளுவென்று நிற்கும் என்று வாங்கினேனோ, அதே மாதிரி ஒரு கேட்டில் எண்ணெய்ச் சட்டியில் உட்கார்ந்திருந்தோம்.

மச்சானுக்கு நெற்றியிலிருந்து ஊற்றியது. துண்டால் துடைத்துத் துடைத்து அது சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. "என்ன மாப்ள, குளுரவே…" என்று திரும்பியவர் பின் சீட்டைப் பார்த்தார். என் மகள் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். முகம் செங்கல். ஒரு துளி ஈரம் கிடையாது. என் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள், அண்ணன் முகத்தைப் பார்க்காமல்.

"என்னாச்சு சாமிக்கு? ஏசி ஏன் ஓடல?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "ஏசி ஓடாதுங்க மச்சான்! பங்குனியில இருந்தே ஓடல! நீங்க ஊத்துன எண்ணெயிதான் மோட்டாரக் கருக்கிப்போட்டுது. சொல்லக் கூடாது, சொல்லக் கூடாதுன்னு இவிய ரெண்டு பேரும் என்ர வாயக் கட்டி வெச்சிருக்கறாங்க. உங்க மனசு நோவக் கூடாதாம்! இப்பப் பாருங்க!"

கத்திவிட்டு இறங்கி ஓடினேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டிக்கடை தெரிந்தது. லாரிகளுக்கு நடுவே புகுந்து, கம்பிக்குக் கீழே குனிந்து தண்டவாளத்தைத் தாண்டினேன். யாரோ திட்டினார்கள். கடைக்காரரிடம் இருந்த தண்ணீர் பாட்டில்களை அப்படியே அள்ளினேன். சில்லறையா, நோட்டா, எதைக் கொடுத்தேன் என்று நினைவில்லை. திரும்புவதற்குள் ரயில் வந்துவிட்டது. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாக, நிதானமாக, எனக்கென்றே அளந்துவிட்டது போல் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு நான் நின்றேன். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கம்பெனியை, எண்ணெயை, மச்சானை, சீர்வரிசையை, என்னை, எல்லாவற்றையும் சத்தமாகவே திட்டினேன். ரயில் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

ரயில் கடந்ததும் ஓடி வந்தேன். காரின் நாலு கதவும் திறந்து கிடந்தன. என் மகளைப் பின் சீட்டில் குறுக்காகக் கால் நீட்டி உட்கார வைத்திருந்தார்கள். வெயில் படாமல் ஒரு பக்கம் என் மனைவி புதுப் பட்டுச் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் சேலைப் பெட்டியின் அட்டை மூடியால் விசிறிக்கொண்டிருந்தார். சட்டை இல்லை. கழற்றியிருந்தார். வேர்வையில் நனைந்து தொங்கிய அந்தச் சட்டை மகளின் நெஞ்சின் மேல் போர்த்தியிருந்தது. சொட்டிக்கொண்டிருந்த துண்டு அவள் தலையையும் கழுத்தையும் சுற்றியிருந்தது. மேலும் ஈரம் வேண்டும் என்பது போல் அவர் தன் நெற்றியையும் கழுத்தையும் உள்ளங்கையால் வழித்து வழித்து அந்தத் துண்டில் தடவினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் பாட்டிலைத் திறந்து அவள் தலையில் ஊற்றினேன். துண்டை எடுத்துவிட்டு ஊற்றலாம் என்று கை வைத்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். என் கையைத் தள்ளிவிட்டுத் துண்டைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாறுதுங்க மாமா," என்றாள்.

"நாறட்டும் சாமி," என்றார் மச்சான். "பாதி குடுக்கறேன்னு சொன்னன்ல."

பின்னாலிருந்த டிராக்டர்க்காரன் ஹாரன் அடித்தான். கேட் திறந்துவிட்டிருந்தது.